பவளத் தொட்டியில் துளை: பயப்பட வேண்டியது எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைப்பது பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பவளம் வளர்ப்பதைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் வந்ததே பெரிய சந்தோஷம், படங்களும் நன்றாக இருந்தன, அதற்கு முதலில் நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவில் இரண்டு விஷயங்கள் போகிறபோக்கில் சொல்லப்பட்டிருந்தன. ஒன்று, நீர் கீழே இறங்குவதற்காகக் கண்ணாடியில் துளை போட்ட தொட்டி என்றைக்கிருந்தாலும் ஒழுகும், அதனால் துளையில்லாத தொட்டியை வாங்கி அதன் விளிம்பில், மேல்மட்ட நீரை வழித்துக் கீழே இறக்குகிற ஒரு ஓவர்ஃப்ளோ பெட்டியைத் தொங்கவிட்டால் போதும் என்பது. இன்னொன்று, பிறகு தேவைப்பட்டால் தொட்டியின் அடியில் நாமே ஒரு துளை போட்டுக்கொள்ளலாம் என்பது. இரண்டுமே தவறான ஆலோசனை. அதை நம்பிச் செய்கிறவரின் வீட்டுத் தரையும் போகும், அவர் வளர்க்கிற உயிர்களும் போகும். நான் 11 வருடமாகக் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். முதல் நான்கு வருடம் துளையில்லாத தொட்டி, அப்புறம் இன்றுவரை துளை போட்டது. இரண்டையும் வைத்துப் பார்த்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன், கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது ஏன் ஒரு பிரச்சினை என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீன் மட்டும் உள்ள தொட்டியும் பவளம் வைக்கிற தொட்டியும் ஒரே ரகம் இல்லை. பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு வெளிச்சம் வேண்டும், பவளத்துக்கு நல்ல நீரோட்டம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் நீரின் நிலை மாறாமல் இருக்க வேண்டும். வெப்பம் 25, 26 டிகிரி செல்சியஸ், உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், காரத்தன்மை 8, 9 டிகேஹெச் என்று எல்லோரும் சொல்லும் எண்கள் உண்டு. அந்த எண்களைத் தொடுவது பெரிய வேலை இல்லை. இன்று இருந்தது நாளைக்கும், அடுத்த மாதமும், நீங்கள் ஊரில் இல்லாத வாரத்திலும் அப்படியே இருக்க வேண்டும், அதுதான் வேலை. நன்னீர்த் தொட்டியில் நீர் ஆவியானால் மட்டம் குறையும், ஊற்றிவிட்டுப் போகலாம். கடல்நீரில் ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். 200 லிட்டரில் 6 லிட்டர் ஆவியாகிப் போனால் 35 என்று இருந்த உப்பு 36ஐத் தாண்டிவிடும். அந்த ஏற்றத்தை மீன் தாங்கும். ஏக்ரோபோரா போன்ற பவளம் இப்படி ஏறி இறங்குவதைத் தினமும் தாங்காது.

இதற்காகத்தான் சம்ப் என்கிற கீழ்த்தொட்டி. மேலே பார்வைக்கு வைக்கிற தொட்டி, அதன் அலமாரிக்குள் இன்னொரு தொட்டி, இரண்டுக்கும் நடுவில் நீர் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹீட்டர், நீரில் கரைந்த கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், ஆவியான நீரைத் தானாக நிரப்பும் கருவி, எல்லாம் கீழே போய்விடும். ஆவியாதலால் மட்டம் குறைவதும் கீழே பம்ப் இருக்கும் அறையில்தான் தெரியும், மேலே மட்டம் மாறாது. இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. தொட்டியின் மேற்பரப்பில் எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று படியும், மீன் கழிவும் மிச்ச இரையும் கரைந்து வரும் புரதமும் கொழுப்பும்தான் அது. அது மூடியிருந்தால் நீருக்கும் காற்றுக்கும் நடுவில் நடக்க வேண்டிய ஆக்சிஜன் பரிமாற்றம் குறையும், வெளிச்சமும் மங்கும். ஓவர்ஃப்ளோ என்பது மேல்மட்ட நீரை மட்டும் வழித்துக் கீழே அனுப்புவதால் அந்தப் படலம் நிற்கவே நிற்காது, நேராக ஸ்கிம்மருக்குப் போய்விடும். சம்ப் வைத்த தொட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வருகிறது என்று புரியும்.

சரி, மேலே இருக்கிற நீர் கீழே எப்படி இறங்கும்? கீழிருந்து மேலே ஏற்ற ரிட்டர்ன் பம்ப் இருக்கிறது. இறங்குவதற்கு இரண்டு வழி. கண்ணாடியில் துளை போட்டு அதில் பல்க்ஹெட் என்கிற இணைப்பை மாட்டி குழாய் விட்டால், நீர் தன் எடையில் தானே இறங்கும். துளை இல்லையென்றால் விளிம்பைத் தாண்டி நீரை மேலேற்றி அந்தப் பக்கம் இறக்க வேண்டும், அதற்குத்தான் சைஃபன், அதாவது உள்ளே நீர் அறுபடாமல் நிறைந்திருக்கும் வரை தானே நீரை இழுத்து இறக்கும் வளைந்த குழாய். தொங்குகிற ஓவர்ஃப்ளோ பெட்டியில் உள்ளே ஒரு சிறு பெட்டி, வெளியே ஒரு சிறு பெட்டி, இரண்டையும் இணைக்கிற தலைகீழ் ‘யு’ வடிவக் குழாய் ஒன்று. தொட்டிக்கும் சம்ப்புக்கும் நடுவில் இருக்கும் மொத்த இணைப்பும் அந்த ஒரு வளைவுக்குள் அறுபடாமல் நிற்கும் நீரை நம்பித்தான்.

என் முதல் தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம். துளையில்லாதது, தொங்கும் பெட்டி. இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு தொந்தரவும் இல்லை, அதனால்தான் கட்டுரை எழுதியவர் அதைச் சிபாரிசு செய்வது ஏன் என்று எனக்குப் புரிகிறது. குழாயின் வளைவில் மேலே ஒரு காற்றுக் குமிழி எப்போதும் இருக்கும். வாரம் ஒருமுறை பார்ப்பேன், கடுகளவுதான் இருக்கும், சின்ன ட்யூப் விட்டு உறிஞ்சி எடுத்துவிடுவேன். ஒரு மாதம் வேலை அதிகம், பார்க்கவில்லை. பம்ப்பின் வேகத்தையும் சத்தம் குறையட்டும் என்று சற்றுக் குறைத்து வைத்திருந்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது தெரியாது. குழாயில் நீர் வேகமாக ஓடினால் குமிழிகளையும் அடித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக ஓடினால் அவை வளைவின் உச்சியில் ஒதுங்கி ஒன்றோடொன்று சேரும். அது மட்டும் இல்லை, சைஃபனின் உச்சியில் நீரின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு, அதனால் நீரில் கரைந்திருக்கும் காற்றும் அங்கேதான் பிரிந்து வரும். ஒரு விடியற்காலை அந்தக் குமிழி குழாயை முழுதாக அடைத்துவிட்டது. நீர் இறங்குவது நின்றுவிட்டது, ஏற்றும் பம்ப் நிற்கவில்லை.

மேலே விளிம்பு வரை இருந்த இடம் 3 சென்டிமீட்டர், அதாவது 10.8 லிட்டர். கீழே பம்ப் அறையில் 25 லிட்டர். மிச்சம் 14 லிட்டர் தரைக்கு வந்தது. அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பம்ப் அறையில் மட்டம் இறங்கியதைப் பார்த்த தானியங்கி நிரப்பி, நீர் ஆவியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு தன் வாளியில் இருந்த 20 லிட்டர் நல்ல தண்ணீரையும் உள்ளே விட, பம்ப் அதையும் மேலே ஏற்றியது. காலையில் எழுந்து கால் வைத்தபோது தரையெல்லாம் ஈரம். அலமாரியின் அடிப்பலகை ஊதிப்போயிருந்தது, ப்ளக் பாயின்ட் பலகைக்கும் நீருக்கும் இரண்டு விரல் இடைவெளி. உப்பின் அளவைக் காட்டும் அடர்த்தி 1.026 இருந்த தொட்டியில் அளந்து பார்த்தால் 1.023. மீன்கள் பிழைத்துக்கொண்டன. மூன்றாம் நாள் ஒரு ஏக்ரோபோராவின் அடியிலிருந்து தோல் உரியத் தொடங்கியது, இரண்டு நாளில் வெள்ளைக் குச்சியாக நின்றது. ஒரு சுண்டுவிரல் துண்டாக வாங்கி ஒன்றரை வருடம் வளர்த்தது அது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், துளை ஒழுகும் என்ற பயத்தில் துளையில்லாத தொட்டிக்குப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. துளையில் மாட்டிய ரப்பர் வாஷர் ஒழுகினால் முதலில் ஒரு சொட்டு வரும், அப்புறம் இன்னொரு சொட்டு, வெள்ளையாக உப்புக் கோடு படியும், நமக்குத் தெரிந்துவிடும், கையால் ஒரு கால் திருகு இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும். சைஃபன் அறுந்தால் ஒரு எச்சரிக்கையும் வராது. கரண்ட் போய் வரும்போது இது இன்னும் மோசம். துளை போட்ட தொட்டியில் கரண்ட் போனால் நீர் ஓவர்ஃப்ளோவின் விளிம்பு வரை இறங்கி நிற்கும், கரண்ட் வந்ததும் பம்ப் ஏற்ற, நீர் பழையபடி தானாக இறங்கத் தொடங்கும். அங்கே மறுபடி தொடங்குவதற்கு எதுவுமே இல்லை, பூமியின் ஈர்ப்பு போதும். தொங்கும் பெட்டியில் அந்தக் குழாய்க்குள் நீர் அறுபடாமல் நின்றிருந்தால்தான் மறுபடி ஓடும். நல்ல பெட்டிகளில் நிற்கும், உண்மைதான். நூறு முறை நிற்கும். அறுபடுகிற அந்த ஒரு முறை நீங்கள் வீட்டில் இருப்பீர்களா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

துளை போட்டதோ போடாததோ, தொட்டி வைக்கிற எல்லோரும் இரண்டு கணக்கைப் போட்டே ஆக வேண்டும். கட்டுரையில் இது இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. முதல் கணக்கு, கரண்ட் போனால் மேலிருந்து கீழே எவ்வளவு நீர் வரும், அதைப் பிடிக்கக் கீழே இடம் இருக்கிறதா? இப்போது என்னிடம் இருப்பது 120க்கு 45 அளவுத் தொட்டி, ஒரு சென்டிமீட்டர் மட்டம் என்றால் 5.4 லிட்டர். பம்ப் நின்றால் 3 சென்டிமீட்டர் இறங்கும், 16 லிட்டர், குழாய்களில் இருப்பதையும் சேர்த்தால் 18, 19 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சம்ப்பில் அதைவிட நிறைய இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு வரை அதுவே சைஃபனாக மாறி நீரைத் திரும்ப இழுக்கும். வாயை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் என் தொட்டியில் 81 லிட்டர் கீழே போகும், எந்த சம்ப்பும் அதை எதிர்பார்த்து இருக்காது. வாயை மட்டத்துக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழேயே வையுங்கள், மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டால் அங்கே காற்றுப் புகுந்து சைஃபன் உடைந்துவிடும். அந்த ஓட்டையைப் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சி விட்டுப் பார்க்க வேண்டும். நீரைத் திரும்பி வர விடாத செக் வால்வு போட்டுவிட்டேன், கவலையில்லை என்று இருக்காதீர்கள். கடல்நீரில் அதன் மடிப்பில் சுண்ணாம்பு படிந்து, ஒரு சின்ன நத்தை உட்கார்ந்துகொண்டால்கூட மூடாது.

இரண்டாவது கணக்கு இதற்கு நேர்மாறு. நீர் இறங்கும் வழி முழுவதும் அடைத்துக்கொண்டால் பம்ப் மேலே எவ்வளவு ஏற்றும், அதைப் பிடிக்க மேலே இடம் இருக்கிறதா? என் தொட்டியில் மட்டத்துக்கு மேல் 4 சென்டிமீட்டர், 21.6 லிட்டர் இடம். பம்ப் அறை 30க்கு 40, பம்ப்பின் வாய்க்கு மேல் நிற்கும் நீர் 15 சென்டிமீட்டர், அதாவது 18 லிட்டர். மொத்தமும் மேலே போனாலும் வழியாது, அதற்குப் பிறகு பம்ப் வெறும் காற்றைத்தான் இழுக்கும். நிரப்பியின் நீரையும் இதில் சேர்க்க வேண்டும் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், இப்போது மேலே மட்டம் ஏறினால் பம்ப்பையும் நிரப்பியையும் சேர்த்து நிறுத்துகிற மிதவை ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது. இந்த இரண்டு கணக்கும் சரியாக இருந்தால், தொங்கும் பெட்டிகூட வீட்டை நனைக்காது. தவறாக இருந்தால் துளை போட்ட தொட்டியும் நனைக்கும். இதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

துளை போட்டதிலும் எல்லாமே நல்லதென்று நான் சொல்ல வரவில்லை. கடையில் ரெடியாக வரும் பல தொட்டிகளில் அடிக்கண்ணாடியில் துளை இருக்கும், அதைச் சுற்றி மூலையில் ஒரு கோபுரம் மாதிரி ஓவர்ஃப்ளோ அறை. அது பவளம் வைக்க வேண்டிய இடத்தைச் சாப்பிடும், அதற்குள் மீன் குதித்துவிட்டால் பிடிப்பது பெரும் பாடு. அந்த அறையின் ஒட்டு விட்டு, உள்ளே நிற்கும் குழாயும் கழன்றால் தொட்டி காலியாகக்கூட வாய்ப்பு உண்டு. துளை ஒழுகும் என்று பயப்படுகிறவர்கள் மனதில் இருப்பது இந்தக் காட்சிதான் என்று நினைக்கிறேன், அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அதற்குப் பதில் துளையே வேண்டாம் என்பது அல்ல, துளையைப் பின்கண்ணாடியில் மேலே போடுங்கள் என்பதுதான். 50 சென்டிமீட்டர் ஆழத் தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் சுமார் 50 கிராம் நீர் அழுத்துகிறது, மட்டத்துக்கு 6 சென்டிமீட்டர் கீழே 6 கிராம்தான். அதே வாஷர், அதே இணைப்பு, சுமை எட்டில் ஒரு பங்கு. ஒருவேளை அது முழுதாகவே விட்டுவிட்டாலும் துளையின் கீழ் விளிம்பு வரைதான் நீர் போகும், மீதித் தொட்டி அப்படியே நிற்கும். இதற்கு நீங்கள் கொடுக்கிற விலை, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் குழாய் வளைய ஒரு சாண் இடம், அவ்வளவுதான்.

அடுத்தது, எத்தனை துளை என்பது. ஒரு அங்குல இணைப்பு ஒன்று, பாதி நீரும் பாதிக் காற்றுமாக ஓடும்போது மணிக்கு 2,000 லிட்டருக்குச் சற்று மேல் இறக்கும் என்பது பழக்கத்தில் இருக்கும் கணக்கு. வீட்டுத் தொட்டிக்கு அது போதும், ஏனென்றால் சம்ப் வழியாக மணிக்கு மூன்று முதல் ஐந்து சுற்று நீர் போனால் போதும், பவளத்துக்கு வேண்டிய நீரோட்ட வேகத்தைத் தொட்டிக்குள் வைக்கிற வேவ்மேக்கர் என்னும் சிறு பம்ப்புகள் தரும். பம்ப் எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்று நினைத்து வாங்குகிறவர்கள்தான் சத்தத்திலும் வழிவதிலும் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே துளை என்றால் டர்சோ என்று சொல்லும் வளைந்த தலையுள்ள குழாய், கொஞ்சம் குடகுடவென்று சத்தம் வரும். இரண்டு துளை போட்டால் ஹெர்பி முறை. ஒன்றில் காற்றே புகாமல் முழு நீராக ஓடும்படி கேட் வால்வால் சரிசெய்வார்கள், இன்னொன்று அதைவிட உயரத்தில் சும்மா நிற்கும். மூன்று துளை போட்டால் பீன் அனிமல் முறை, நடுவில் ஒன்று மெல்லிய ஓட்டத்தில் ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும்.

என்னுடையது இரண்டு துளை. ஓடுகிற தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் ஸ்கிம்மரின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காது. போன வருடம் ஒரு ராத்திரி திடீரென்று நீர் கொட்டுகிற சத்தம். எழுந்து பார்த்தால் மேல் மட்டம் ஒரு விரலளவு ஏறியிருந்தது, சும்மா நிற்கும் இரண்டாவது குழாய் வழியாக நீர் இறங்கிக்கொண்டிருந்தது. டார்ச் அடித்து ஓவர்ஃப்ளோவுக்குள் பார்த்தேன், ஒரு டர்போ நத்தை முதல் குழாயின் வாயில் மூடி போட்டது மாதிரி உட்கார்ந்திருந்தது. எடுத்துக் கண்ணாடியில் விட்டேன், அரை நிமிடத்தில் சத்தம் அடங்கியது, தரையில் ஒரு சொட்டு இல்லை. அன்றைக்கே வலைத் தொப்பி ஒன்றைக் குழாய்க்குப் போட்டேன், அதைப் போடாமல் இருந்தது என் தவறு. ஒரே வழி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என் முதல் தொட்டியில் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

இப்போது கட்டுரையின் இரண்டாவது ஆலோசனைக்கு வருகிறேன், நான் கடிதம் எழுத உட்கார்ந்ததே இதனால்தான். ‘பிறகு வேண்டுமானால் அடியில் நாமே துளை போட்டுக்கொள்ளலாம்.’ ஐயா, கடையில் விற்கும் நிறையத் தொட்டிகளின் அடிக்கண்ணாடி டெம்பர்டு கண்ணாடி. அதில் துளை போட முடியாது. சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து உள்ளுக்குள் இறுக்கத்தைப் பூட்டிவைத்த கண்ணாடி அது. துளைக்கும் முனை மேல்தோலைத் தாண்டியதும் மொத்தக் கண்ணாடியும் ஒரே நொடியில் ஆயிரம் சில்லாகக் கையிலேயே கொட்டும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடியாக இருக்கும், ஆனாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதிக்காமல் தொடக் கூடாது. சோதிப்பது சுலபம். கண்ணாடிக்குப் பின்னால் எல்சிடி திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு குளிர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், டெம்பர்டு என்றால் கருமையாகப் பட்டைகளும் திட்டுகளும் தெரியும். சந்தேகம் இருந்தால் தயாரித்தவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் துளை போடாதீர்கள்.

சாதாரணக் கண்ணாடியில் துளை போடுவது அப்படியொன்றும் மந்திர வேலை இல்லை. என் தொட்டியின் 10 மில்லிமீட்டர் பின்கண்ணாடியில் நானே போட்டேன், அதற்கு முன் அதே தடிமனில் இரண்டு கழிவுத் துண்டுகளில் போட்டுப் பழகினேன். பல்க்ஹெட்டைக் கையில் வாங்கி அளந்த பிறகுதான் வைரத்தூள் பதித்த வட்ட ரம்பம் வாங்க வேண்டும், ஒரு அங்குல இணைப்புக்கே ஒவ்வொருவர் தயாரிப்பிலும் துளையின் அளவு மாறும், எனக்கு 45 மில்லிமீட்டர் தேவைப்பட்டது. ரம்பம் வழுக்காமல் இருக்கத் துளையுள்ள பலகை ஒன்றைக் கவ்விவைத்து, அதைச் சுற்றிக் களிமண் மாதிரியான புட்டியால் சின்னக் கரை கட்டி, நடுவில் தண்ணீர் நிற்கவைத்தேன். பேட்டரி டிரில், மெதுவான வேகம், சுத்தியல் மாதிரி அடிக்கிற செட்டிங்கைத் தொடவே கூடாது. ரம்பத்தின் எடை போதும், அமுக்கத் தேவையில்லை. இரண்டாவது நிமிடத்திலேயே தண்ணீர் பால் மாதிரி ஆகும், அது கண்ணாடித் தூள், காய விடக் கூடாது, காய்ந்து பறந்தால் நுரையீரலுக்குக் கேடு. பத்து நிமிடம் பொறுமையாக நின்றேன். முடியப்போகிற நேரத்தில் சத்தம் மாறும், அதுவரை கரகரவென்று இருந்தது மெல்லிசாகும், அப்போது கையைத் தூக்கிப் பிடித்து டிரில்லை மிதக்க விட வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் சிம்பு பெயரும். அதற்காகவே பின்பக்கம் டேப் ஒட்டிவைத்திருந்தேன்.

துளை கண்ணாடியை பலவீனமாக்கும் என்று கட்டுரையில் இருந்தது. துளையைச் சுற்றி இறுக்கம் கூடும் என்பது உண்மைதான், அதனால்தான் கண்ணாடியின் விளிம்பிலிருந்தும் அடுத்த துளையிலிருந்தும் குறைந்தது ஒரு துளையின் விட்டமளவு தள்ளிப் போடச் சொல்கிறார்கள். விதியை மதித்துப் போட்ட துளையோடு தொட்டிகள் பல வருடம் நிற்கின்றன. பல்க்ஹெட்டின் ரப்பர் வாஷர் தட்டு இருக்கும் பக்கம் போக வேண்டும், நட்டு இருக்கும் பக்கம் அல்ல. கையால் இறுக்கி அதற்கு மேல் ஒரு கால் திருகு, ஸ்பானர் போட்டு முறுக்கினால் கண்ணாடியில் கீறல் விழும். ரப்பரில் சிலிக்கான் தடவாதீர்கள், அது வழுக்கி இடம் மாறும். முதலில் சாதாரணத் தண்ணீரை நிரப்பி இரண்டு நாள் விட்டு, பம்ப் ஸ்விட்சை நீங்களே நாலைந்து முறை அணைத்துப் போட்டு, கீழே எவ்வளவு வருகிறது, மறுபடி ஓடும்போது எவ்வளவு நேரத்தில் மட்டம் நிலைக்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உப்பு, பாறை, பவளமெல்லாம் அதற்குப் பிறகு. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாமல் கடல்நீர்ப் பக்கம் எந்தக் கருவியையும் செருகாதீர்கள்.

இதெல்லாம் தொட்டி காலியாக இருக்கும்போது செய்கிற வேலை. பவளமும் மீனும் வைத்த பிறகு துளை போட வேண்டுமென்றால் எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும், பாறையைக் கலைக்க வேண்டும், ஒரு கீறல் விழுந்தால் உயிர்களுக்குத் திரும்பிப் போக வீடு கிடையாது. அதனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இந்த விஷயத்தில் செல்லாது. கண்ணாடி வாங்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

எல்லோருக்கும் துளை வேண்டுமா என்றால், வேண்டாம். 100 லிட்டருக்குக் கீழே, மென்பவளம் நாலைந்து, மீன் இரண்டு என்று வைக்கிறவருக்குச் சம்ப்பே அவசியமில்லை. பின்னால் தொங்கவிடும் ஸ்கிம்மர், ஒரு சின்ன வேவ்மேக்கர், வாரம் 10 சதவீதம் நீர் மாற்றுவது, இவை போதும், செலவான கால்சியமும் புது உப்புநீரோடு கணிசமாகத் திரும்ப வந்துவிடும். தொட்டிக்குள்ளேயே பின்பக்கம் தடுப்புக் கண்ணாடி வைத்து அறை பிரித்த தொட்டிகளும் இருக்கின்றன, துளையும் இல்லை, சைஃபனும் இல்லை, நீர் தடுப்பின் மேல் வழிந்து பின்னறைக்குப் போய் பம்ப் வழியாகத் திரும்பும். முதல் தொட்டிக்கு அதைத்தான் நான் சொல்வேன். பெரிய ஸ்கிம்மர் அதில் அடங்காது என்பது குறை. புதிதாக வாங்கும் மீனைத் தனியாக வைத்துக் கவனிக்கும் தொட்டிக்கும் துளை வேண்டியதில்லை.

ஏற்கெனவே துளையில்லாத பெரிய தொட்டியும் தொங்கும் பெட்டியுமாக இருப்பவர்கள் இதைப் படித்துப் பதற வேண்டாம். ‘யு’ குழாய் ஒன்று இருந்தால் இரண்டாக்குங்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் நீர் மெதுவாகிக் குமிழி தங்கும் அளவுக்குப் பம்ப்பைக் குறைத்துவிடாதீர்கள். பம்ப் அறையைத் தடுப்பு வைத்துச் சிறிதாக்குங்கள். மேலே மிதவை ஸ்விட்ச் போடுங்கள், நிரப்பியின் வாளியைச் சின்னதாக வையுங்கள். வாரம் ஒருமுறை அந்த வளைவை வெளிச்சம் அடித்துப் பாருங்கள், மொச்சை அளவுக் குமிழி தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஓவர்ஃப்ளோ பற்றி நான் சொன்னதில் மாற்றுக் கருத்து இருக்கலாம், அதை விவாதிக்கலாம், அடுத்த இணைப்பு வரை பொறுக்கலாம். டெம்பர்டு கண்ணாடி விஷயம் அப்படி இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வார விடுமுறையிலேயே டிரில்லைக் கையில் எடுக்க யாராவது ஒருவர் நினைத்திருக்கலாம், அவருக்குப் பக்கத்தில் பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்க்கலாம். என் கடிதம் முழுவதும் போட இடம் இல்லையென்றால் மற்றதை வெட்டிவிடுங்கள். கடையில் வாங்கிய தொட்டியின் அடிக்கண்ணாடியில் சோதிக்காமல் துளை போடாதீர்கள் என்ற ஒரு வரியை மட்டும் நாளைய இதழிலேயே திருத்தமாக வெளியிடுங்கள்.

அன்புடன்,
11 வருடமாகப் பவளத் தொட்டி வளர்க்கும் ஒரு வாசகர்